நின்றுபோன ரேடான் ஃபேனை நாமே மாற்றலாமா? வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பேஸ்மென்ட் உள்ள வீடுகளில் குடியிருக்கும் வாசகர்களிடமிருந்து, மண்ணிலிருந்து வரும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ரேடான் ஃபேன் பற்றிக் கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: பேஸ்மென்டில் வெள்ளைக் குழாயின் மேல் ஒட்டியிருக்கும் சிறிய யூ வடிவக் குழாயில் சிவப்பு எண்ணெய் இவ்வளவு நாளும் ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் நின்றது. இப்போது இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறது. ஃபேன் போய்விட்டதா?
– வாசகர், பிரிட்ஜ்வாட்டர், நியூஜெர்சி

பதில்: போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் புது ஃபேன் வாங்குவதற்கு முன் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அந்த யூ குழாய் ரேடானை அளப்பதில்லை. குழாய்க்குள் உறிஞ்சு விசை எவ்வளவு இருக்கிறது என்று மட்டுமே காட்டும். மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து ரேடான் வாயு பிறக்கிறது. கான்கிரீட் தளத்து விரிசல், சம்ப் குழி (பேஸ்மென்டில் நிலத்தடி நீர் சேரும் குழி) வழியாக அது வீட்டுக்குள் ஏறுவதற்கு முன்பே, தளத்துக்கு அடியிலிருந்து உறிஞ்சிக் கூரைக்கு மேலே தள்ளிவிடுவதுதான் ஃபேனின் வேலை. எண்ணெய் சமமாக நின்றால் உறிஞ்சல் இல்லை என்று பொருள். அல்லது உறிஞ்சல் இருந்தும் யூ குழாய்க்கு அது எட்டவில்லை.

எட்டாததற்கு வழக்கமான காரணம், யூ குழாயிலிருந்து போகும் மெல்லிய பிளாஸ்டிக் டியூப் வெள்ளைக் குழாயின் துளையிலிருந்து கழன்று விழுந்திருப்பது. திரும்பச் செருகினால் எண்ணெய் நகரும். டியூப் சரியாக இருந்தால் பிரேக்கரைப் பாருங்கள். பிறகு ஃபேன் அருகில் உள்ள சுவிட்ச். அட்டிக்கில் வேலை செய்ய வந்தவர் லைட் சுவிட்ச் என்று நினைத்து அணைத்துவிட்டுப் போவது அடிக்கடி நடக்கும். ஃபேனுக்குப் பிளக் இருந்தால் ஜிஎஃப்சிஐ சாக்கெட் (மின்கசிவு கண்டால் தானே அணைந்துவிடும் சாக்கெட்) அணைந்திருக்கலாம். ஒரு முறை ரீசெட் செய்து பாருங்கள். உடனே மீண்டும் அணைந்தால் ஃபேனுக்குள் ஈரம் இறங்கியிருக்கலாம். திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

மின்சாரம் வருகிறது, ஆனால் ஃபேன் அசையவில்லை என்றால் காதை வைத்துக் கேளுங்கள். முனகல் மட்டும் வந்தால் கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம், அல்லது பேரிங் இறுகியிருக்கலாம். ஒரு சத்தமும் இல்லை என்றால் மோட்டார் போய்விட்டது. சில மணி நேரம் ஓடி, நின்று, மறுபடி ஓடினால் மோட்டாருக்குள் இருக்கும் வெப்பக் காப்பு அதை நிறுத்தி நிறுத்தி விடுகிறது. அதுவும் கடைசிக் கட்டம்தான். சில மாடல்களில் கெப்பாசிட்டரை மட்டும் மாற்றலாம். ஆனால் ஏழெட்டு வருடம் ஓடிய ஃபேனில் பேரிங்கும் தேய்ந்துதான் இருக்கும், ஆகவே முழு ஃபேனையும் மாற்றுவதே மேல். உத்தரவாதம் பொதுவாக 5 ஆண்டு என்பதால் ஃபேன் மேல் ஒட்டியிருக்கும் தேதியை முதலில் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஃபேன் வெளிச்சுவரில் இருக்கிறது. ஆள் வைத்து மாற்ற நிறையக் கேட்கிறார்கள். நாமே மாற்றலாமா? படிப்படியாகச் சொல்லுங்கள்.
– வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

பதில்: மாற்றலாம். ஸ்க்ரூடிரைவரும் ஒரு சுவிட்சை மாற்றிய பழக்கமும் உள்ளவருக்கு ஒன்றிரண்டு மணி நேர வேலை. பல மாநிலங்களில் இந்த வேலையைக் கூலிக்குச் செய்ய உரிமம் வேண்டும். தாம் குடியிருக்கும் சொந்த வீட்டில் உரிமையாளரே செய்துகொள்வதற்குப் பொதுவாக விலக்கு உண்டு. வாடகைக்கு விட்ட வீட்டுக்கும் சங்கத்தின் கீழ் வரும் டவுன்ஹவுஸுக்கும் இந்த விலக்கு பொருந்தாமல் போகலாம். மின்இணைப்புக்கு ஊராட்சியில் பெர்மிட் வேண்டுமா என்று ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள். வயரைத் தொடவே தயக்கமாக இருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் எலக்ட்ரீஷியனை அழைக்கலாம்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. பழைய ஃபேனின் அதே மாடல் ஒன்று. ஃபேனுக்கு மேலும் கீழும் போட இரண்டு ரப்பர் கப்ளிங், துருப்பிடிக்காத கிளாம்ப்களோடு. குழாய் 4 அங்குலமா 3 அங்குலமா என்று அளந்து வாங்குங்கள். ரேடான்அவே நிறுவனத்தின் ஆர்பி140, ஆர்பி145 போன்ற ஃபேன்களின் வாய் 4.5 அங்குல வெளிவிட்டம். 4 அங்குலப் பிவிசி குழாயின் வெளிவிட்டமும் அதுவே. குழாய் 3 அங்குலமானால் 4-க்கு-3 கப்ளிங் வேண்டும். ஆர்பி265 மாதிரிப் பெரிய ஃபேனின் வாய் 6 அங்குலம், அதற்குக் கப்ளிங்கே வேறு. வெயிலில் காய்ந்த பழைய கப்ளிங்கைத் திரும்பப் போடாதீர்கள். விறைத்த ரப்பர் மறுபடி இறுகாது. இவற்றோடு வயர் நட், தொடாமலே மின்சாரம் காட்டும் டெஸ்டர், கிளாம்ப் திருகுக்கு 5/16 அங்குல நட் டிரைவர், குழாயைச் சுவரோடு பிடிக்க ஒன்றிரண்டு பட்டை. உதவிக்கு இன்னொருவரும் வேண்டும்.

ஏன் இன்னொருவர்? இந்த வேலையில் ஆபத்து வயரை விட மேலே நிற்கும் குழாயில்தான் அதிகம். ஃபேனிலிருந்து கூரை வரை போகும் குழாயின் பாரம் பல வீடுகளில் ஃபேன் மேலேயே உட்கார்ந்திருக்கும். 4 அங்குலக் கனத்த பிவிசி அடிக்குச் சுமார் 2 பவுண்டு. 15 அடிக் குழாய் 30 பவுண்டு. கிளாம்பைத் தளர்த்தியதும் அது நேராகக் கை மேல் இறங்கும். எனவே எதையும் கழற்றுவதற்கு முன் மேல்குழாயைச் சுவரோடு பட்டை போட்டு இறுக்குங்கள். பட்டை ஏற்கெனவே இருந்தாலும் குழாயைக் கீழே இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மழையில்லாத நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள். ஃபேனையும் வயர் பெட்டியையும் இரண்டு மூன்று கோணத்தில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிரேக்கரை அணைத்து அதன் மேல் ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டுங்கள். ஃபேன் அருகிலுள்ள சுவிட்சையும் அணையுங்கள். டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள வேறொரு சாக்கெட்டில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு ஃபேன் வயரில் வைத்து, மறுபடியும் அதே சாக்கெட்டில் வைத்துப் பாருங்கள். பேட்டரி செத்த டெஸ்டரை நம்பிக் கை வைப்பவர்கள் உண்டு.

ஃபேனின் பக்கவாட்டில் உள்ள சிறிய பெட்டியைத் திறந்தால் கறுப்பு, வெள்ளை, பச்சை என மூன்று வயர் தெரியும். வயர் நட்டுகளைக் கழற்றி, வயர் வரும் வளையும் குழாயைப் பெட்டியிலிருந்து விடுவியுங்கள். இப்போது கப்ளிங்குகளின் எல்லாக் கிளாம்ப்களையும் தளர்த்துங்கள். பழைய ரப்பர் ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடித்தால் கத்தியால் நீளவாக்கில் கீறிவிடலாம், புதியதுதான் கையில் இருக்கிறதே. குழாயைக் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேனை எடுக்கும்போது உள்ளே தேங்கிய தண்ணீர் கொட்டும், முகத்தைத் தள்ளி வையுங்கள். கீழ்க்குழாயின் வாயை உடனே ஒரு பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். ரேடானுக்காக மட்டுமல்ல, திருகு ஒன்று உள்ளே விழுந்தால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

புது ஃபேனை வைக்கையில் அம்புக்குறி மேல்நோக்கி இருக்க வேண்டும். ஃபேன் செங்குத்தாக நிற்க வேண்டும். மண்ணிலிருந்து வரும் காற்று ஈரம் நிறைந்தது. மேலே குளிர்ந்த குழாயில் பட்டு நீராகி ஃபேன் வழியாகத்தான் கீழே வடியும். சாய்த்தோ படுக்கவைத்தோ மாட்டினால் நீர் உள்ளேயே தேங்கி மோட்டாரைக் கெடுக்கும். இடைவெளி இறுக்கமாக இருந்தால் கப்ளிங்கின் ஒரு முனையைச் சட்டைக் கை மடிப்பதுபோல் வெளிப்பக்கமாக மடித்துவைத்து, ஃபேனை நுழைத்தபின் பிரித்துவிடுங்கள். சோப்புத் தண்ணீர் தடவினால் ரப்பர் வழுக்கும். பிவிசி பசை போட்டு ஃபேனைக் குழாயோடு ஒட்டிவிடாதீர்கள்: அடுத்த முறை ரம்பம்தான் எடுக்க வேண்டிவரும், அதிர்வும் சுவருக்குள் இறங்கி வீடே ரீங்கரிக்கும்.

வயர் இணைப்பில் கறுப்போடு கறுப்பு, வெள்ளையோடு வெள்ளை, பச்சையோடு பச்சை அல்லது வெறும் செம்பு. ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். வளையும் குழாய் ஃபேன் பெட்டிக்குள் நுழைவதற்கு முன் சற்றுத் தாழ்ந்து வளைந்து வந்தால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மூடியின் கேஸ்கெட் முழுசாகப் பதிந்திருக்கட்டும். மாட்டிய ஃபேனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மின்சாரம் கொடுக்காமல் நாட்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். ஓடாத ஃபேனுக்குள் ஈரம் சேரும்; தயாரிப்பாளர்களின் கையேடுகளும் இதை எச்சரிக்கின்றன.

ஓடவிட்டதும் உள்ளே போய் யூ குழாயைப் பாருங்கள். சிஸ்டத்தை முதலில் பொருத்தியவர் எழுதிவைத்த அளவு பெரும்பாலும் அதன் அருகிலேயே இருக்கும். அதே மாடல் ஃபேன் என்றால் ஏறக்குறைய அந்த அளவே வர வேண்டும். ஃபேனுக்குக் கீழே உள்ள கப்ளிங்கில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். புகை உள்ளே இழுபட்டால் கிளாம்பை இன்னும் இறுக்குங்கள். மேல் கப்ளிங்கில் காற்று வெளியே தள்ளும் என்பதால் அங்கே சோப்புநீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஃபேன் அட்டிக்கில் இருக்கும் வீடுகளில் இந்த மேல் கப்ளிங் சோதனையை விடவே கூடாது. அங்கே கசிவது முழுக்க ரேடான் காற்று.

கேள்வி: பழைய மாடல் கிடைக்கவில்லை. எப்படியும் மாற்றுகிறோம், பெரிதாகவே போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். சரிதானே?
– வாசகர், கொலம்பஸ், ஒஹாயோ

பதில்: சரியில்லை. இந்தச் சபலத்தால் கெட்டுப்போன சிஸ்டங்கள் அதிகம்.

தளத்துக்கு அடியில் ஜல்லி பரப்பியிருந்தால் காற்று எளிதாக வரும். அங்கே குறைந்த விசையில் நிறையக் காற்றை இழுக்கும் ஃபேன் வேண்டும். அடியில் களிமண் என்றால் காற்று வராது. குறைந்த காற்றை அழுத்தி இழுக்கும் ஃபேன் வேண்டும். உதாரணமாக ஆர்பி140 அதிகபட்சம் 0.8 அங்குல நீர்மட்ட விசை (நீரை எவ்வளவு உயரம் தூக்கும் என்று அளக்கும் உறிஞ்சு விசை) தரும், 20 வாட் அளவில் ஓடும். ஆர்பி145 ஏறக்குறைய 2 அங்குலம். ஜிபி501 நான்கு அங்குலத்துக்கும் சற்று மேல், மின்சாரமும் அதற்கேற்பக் குடிக்கும். உங்கள் பழைய ஃபேனின் பெயர்ப்பலகையையும் யூ குழாயில் எழுதியிருந்த பழைய அளவையும் சேர்த்துப் பாருங்கள். அளவு அந்த ஃபேனின் உச்ச விசைக்கு அருகில் இருந்திருந்தால் மண் இறுக்கமானது. உச்சத்தில் பாதிக்கும் கீழே என்றால் காற்று தாராளமாக வந்திருக்கிறது. தயாரிப்பாளர் தரும் விசை–காற்றோட்ட அட்டவணையில் அதே புள்ளிக்கு அருகில் வரும் ஃபேனே உங்களுக்கான மாற்று. நீளமும் வேறுபடும், இடைவெளியை அளக்காமல் ஆர்டர் செய்யாதீர்கள்.

பெரிது போட்டால் என்ன கெடும்? சத்தமும் மின்கட்டணமும் கூடும். அதைவிட முக்கியமானது, தளத்து விரிசல்கள் வழியாக வீட்டின் காற்றையே அது இழுக்கத் தொடங்கும். புகைபோக்கி வழியாக இயல்பாகப் புகை போகும் பழைய மாடல் கேஸ் வாட்டர் ஹீட்டரோ ஃபர்னேஸோ பேஸ்மென்டில் இருந்தால், புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். எந்த ஃபேன் மாற்றினாலும், கதவு ஜன்னல்களை மூடி, சமையலறை எக்ஸாஸ்டையும் துணி டிரையரையும் ஓடவிட்டு, ஹீட்டரின் புகை வாய் அருகே ஊதுபத்தி காட்டிப் பாருங்கள். புகை அறைப்பக்கம் தள்ளினால் ரேடான் ஃபேனை அணைத்து, ஹீட்டர்காரரைக் கூப்பிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் அந்தத் தளத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: ஃபேன் வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். ஊரிலிருந்து வந்த அப்பா, அம்மா பேஸ்மென்ட் அறையில்தான் தங்கியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– வாசகி, ஆலன்டவுன், பென்சில்வேனியா

பதில்: பயப்பட வேண்டாம். ரேடானால் நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயம் பல ஆண்டுகள் சுவாசிப்பதால் கூடுவது. ஒரு வாரத்தில் தலைகீழாகிவிடாது. ஆனால் ஃபேன் நின்ற ஓரிரு நாளில் அளவு பழைய நிலைக்கு ஏறிவிடும் என்பதால், முடிந்தால் அவர்களை மேல்மாடியில் படுக்க வையுங்கள். பேஸ்மென்ட் ஜன்னல் இருந்தால் திறந்து வையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு வெளியே இழுக்காதீர்கள், அது மண்ணிலிருந்து இன்னும் ரேடானை உள்ளே கூப்பிடும்.

உங்கள் பகுதியைப் பற்றி ஒன்று. வீட்டு ரேடான் அமெரிக்காவில் பெரிய செய்தியானதே கிழக்குப் பென்சில்வேனியாவில்தான். 1984-இல் லிமரிக் அணுமின் நிலையக் கட்டுமானத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் கதிர்வீச்சுக் கருவியைக் கடக்கும்போதெல்லாம் அலாரம் அடித்தது. நிலையம் அப்போது மின்சாரம் தயாரிக்கவே தொடங்கவில்லை. அவர் உடம்பில் ஒட்டியிருந்தது பாயர்டவுனில் இருந்த அவருடைய வீட்டிலிருந்து வந்தது. அங்கே காற்றில் லிட்டருக்கு ஏறத்தாழ 2,700 பைகோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருந்தது. ஈபிஏ எனும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நடவடிக்கை எடுக்கச் சொல்லும் எல்லை 4 தான். எனவே ‘இந்தப் பக்கம் அதெல்லாம் இருக்காது’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எங்கட ஃபேன் பேஸ்மென்டுக்குள்ளேயே இருக்கிறது, பக்கச் சுவர் வழியாகக் காற்று வெளியே போகிறது. அமெரிக்க வீடியோக்களில் இது பிழை என்கிறார்கள். பொருத்தியவர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், மார்க்கம், ஒன்டாரியோ

பதில்: இல்லை. ஃபேனுக்கு மேலே உள்ள குழாய் காற்றைத் தள்ளும் பக்கம். அதில் ஒரு கசிவு வந்தால் அடர்ந்த ரேடான் நேராக வீட்டுக்குள் வரும். அதனால்தான் அமெரிக்க விதி ஃபேனை வசிக்கும் இடத்துக்கு வெளியே, அட்டிக்கிலோ வெளிச்சுவரிலோ வைக்கச் சொல்கிறது. கனடாக் குளிரில் வெளியே நிற்கும் நீண்ட குழாய் உறைந்து அடைத்துவிடும். எனவே அங்கே நன்றாகச் சீல் செய்த ஃபேனைப் பேஸ்மென்டுக்குள் வைத்துக் குட்டையான குழாயால் பக்கச் சுவர் வழியாக வெளியேற்றுவது ஏற்கப்பட்ட முறை. ஜன்னல், கதவு, காற்று உள்வாங்கும் குழாய் ஆகியவற்றிலிருந்து விதிப்படியான தூரம் விட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஃபேனை மாற்றுவது இன்னும் சுலபம்: பிளக் வைத்ததாக இருந்தால் வயர் வேலையே இல்லை. நேரடி வயர் என்றால் ஒன்டாரியோவில் மின்பாதுகாப்பு ஆணையமான ஈஎஸ்ஏவிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மேல் கப்ளிங்கில் சோப்புநீர்ச் சோதனை உங்களுக்கு இரட்டிப்பு அவசியம். பனிக்காலத்தில் வெளிவாயில் பனிக்கட்டி மூடியிருக்கிறதா என்று அவ்வப்போது எட்டிப் பாருங்கள். வாய் அடைத்தால் யூ குழாயில் அளவு இறங்கும். தளத்துக்கு அடியிலோ குழாயின் தாழ்ந்த இடத்திலோ தண்ணீர் நின்று அடைத்தால் அளவு ஏறும்.

கேள்வி: கொஞ்ச நாளாகக் குழாயில் ‘குளுகுளு’ என்று சத்தம், எண்ணெயும் மேலும் கீழும் ஆடுகிறது. இதுவும் ஃபேன் கோளாறா?
– வாசகர், மினியாபொலிஸ்

பதில்: இல்லை, தண்ணீர். கிடையாகப் போகும் குழாய் ஏதோ ஓரிடத்தில் தொய்ந்து அங்கே நீர் தேங்கியிருக்கிறது. அடிக்கு 1/8 அங்குலம் என்ற கணக்கில் உறிஞ்சும் துளையை நோக்கிச் சரிவு இருக்குமாறு பட்டைகளைத் தூக்கிக் கட்டுங்கள். கரகரப்போ கீச்சென்ற ஒலியோ இரவில் கூடிக்கொண்டே போனால்தான் அது பேரிங்.

கேள்வி: கோடையில் ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. அந்த மாதங்களில் அணைத்துவைத்து மின்சாரம் மிச்சப்படுத்தலாமா?
– வாசகி, டென்வர்

பதில்: வேண்டாம். 60 வாட் ஃபேன் வருடம் முழுக்க ஓடினாலும் சுமார் 525 யூனிட்தான். நிறுத்தி வைத்தால் ஈரம் சேர்ந்து புது ஃபேன் செலவு வரும்.

கேள்வி: தமிழ்நாட்டு வீடுகளிலும் இதைச் சோதிக்க வேண்டுமா?
– வாசகர், டாலஸ்

பதில்: ரேடான் எல்லா மண்ணிலும் உண்டு. ஆனால் நிலவறை இல்லாமல், வருடம் முழுக்க ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில் அது தேங்குவது குறைவு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் தோரியம் அதிகம். அதிலிருந்து வருவது ரேடானின் இன்னொரு வடிவமான தோரான். அதன் அரை ஆயுள் (பாதியாகச் சிதைய ஆகும் நேரம்) ஒரு நிமிடத்துக்கும் குறைவு, ரேடானுக்கோ 3.8 நாள். தளத்துக்கு அடியிலிருந்து ஃபேன் வைத்து உறிஞ்சும் முறை அங்குள்ள வீடுகளுக்குப் பொருந்தாது.

கேள்வி: ஃபேன் மாற்றியாயிற்று, எண்ணெயும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மறுபடி டெஸ்ட் செய்தே ஆக வேண்டுமா?
– வாசகர், ஆஷ்பர்ன், வர்ஜீனியா

பதில்: ஆம். எண்ணெய் சரியான இடத்தில் நின்றும் புதிய விரிசலாலோ சம்ப் மூடி கழன்றதாலோ ரேடான் கூடியிருக்கலாம். ஃபேன் குறைந்தது 24 மணி நேரம் ஓடியபின், 30 நாளுக்குள் குறுகிய காலச் சோதனை செய்யுங்கள். அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. கனடாவில் முடிவெடுக்க நம்ப வேண்டியது, ஹீட்டர் ஓடும் மாதங்களில் குறைந்தது மூன்று மாதம் வைக்கும் நீண்ட காலச் சோதனை. அங்கே எல்லை கன மீட்டருக்கு 200 பெக்கரல் (கதிரியக்கத்தின் இன்னொரு அலகு). அமெரிக்காவின் 4 பைகோகியூரி அந்தக் கணக்கில் 148.

குறுகிய காலச் சோதனைக்கு 12 மணி நேரம் முன்பிருந்தே ஜன்னல், கதவுகளை மூடிவையுங்கள். வந்து போகத் திறப்பது பரவாயில்லை. ஆட்கள் புழங்கும் மிகக் கீழ்த்தளத்தில், தரையிலிருந்து 20 அங்குலத்துக்கு மேல் வையுங்கள். சமையலறை, குளியலறை, சலவை அறை வேண்டாம், சம்ப் குழியின் அருகிலும் வேண்டாம். குறைந்தது 48 மணி நேரம் யாரும் அதை நகர்த்தக் கூடாது. கரி டப்பா வகைக் கிட் என்றால் மூடி ஒட்டிய அன்றே தபாலில் சேர்த்துவிடுங்கள். கரியில் பிடிபட்ட ரேடான் நான்கு நாளைக்குள் பாதியாகச் சிதைந்துவிடும். ஒரு வாரம் மேசையில் கிடந்து தாமதமாகப் போனால் ஆய்வகத்தால் அளக்க முடியாது, திரும்பவும் புதுக் கிட்தான் வாங்க வேண்டும்.